மிச்சம் ஒன்பது

மார்ச் 3, ஞாயிறு

பத்து வாக்கியம். எண்ணினேன். சம்பந்தியம்மா இன்று போனில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பத்து வாக்கியம் பேசினார். நடுவில் கையை நெஞ்சில் வைத்தார், என் மகளின் வயிற்றைத் தொட்டுக் காட்டினார், கடைசியில் ஒரு சிரிப்பு. அப்புறம் மகள் எனக்கு மொழிபெயர்த்தாள்: "ஒண்ணுமில்லம்மா. நல்லாருக்கீங்களான்னு கேக்குறாங்க."

மிச்சம் ஒன்பது எங்கே?

சட்டைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக செக்கிங் மேசையில் நிற்கிறவள் நான். பத்து சட்டை உள்ளே போனால் பத்து சட்டை வெளியே வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் லைனை நிறுத்திவிடுவேன். இங்கே நான் பெற்ற மகளே ஒன்பதை முழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

அதோடு விட்டாளா? ஜூனில் பிரசவம். ஜனவரியிலேயே இரண்டு மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட் வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். எல்லாம் தெரிந்தும் இன்று சொல்கிறாள்: "நீ எதுக்கும்மா அவ்வளவு தூரம் அலையணும்? அத்தை இருக்காங்கல்ல, பாத்துக்குவாங்க."

அத்தையாம். ஒன்றரை வருஷத்து அத்தை.

வெளிநாட்டுக்கு வேலைக்கென்று போனவள் அங்கேயே ஒரு நெட்டையனைப் பார்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நாங்கள் போனில் பார்த்தோம். அதற்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. நெட்டையன் நல்ல பையன்தான், மூன்று தமிழ் வார்த்தை தெரியும். ஆனால் அவன் அம்மா இருக்கிறாரே, முடி வெட்டும் கடை வைத்திருக்கிறவர், போர்ச்சுகீசு தவிர வேறு பாஷையே கிடையாது. என்ன பேசுகிறார், என்னைப் பற்றி என்ன சொல்கிறார், யாருக்குத் தெரியும்?

"சரி" என்று போனை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவருக்கும் அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, கட்டைவிரலைத் தூக்கி ஐந்து நிமிஷம் "பேசினார்". அந்தம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வர வேண்டாம் என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா?

மார்ச் 4, திங்கள்

நாலாவது லைனிலிருந்து வந்ததில் எழுபத்தொரு சட்டையைத் திருப்பி அனுப்பினேன். மேனேஜர் வந்து "என்னக்கா இன்னிக்கு?" என்றார். காலர் முனை ஒரு நூல் ஏறியிருந்தது. ஏறியிருந்தால் ஏறியிருந்ததுதான்.

மார்ச் 6, புதன்

அவர் ஒரு யோசனை சொன்னார். போனிலேயே மொழிபெயர்க்கிற செயலி இருக்கிறதாம். போர்ச்சுகீசு செய்தி ஒன்றை ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்தோம். "மேயர் மாட்டிடம் மன்னிப்பு உலர்த்தினார்" என்று வந்தது. இதை நம்பி ஒரு மனுஷி சண்டை போட முடியுமா?

சோதிக்கும்போதுதான் பார்த்தேன், அவர் போனில் சம்பந்தியம்மா நம்பர். தினமும் காலையில் இவர் ஒரு ரோஜாப்பூ படம் அனுப்புகிறார், அந்தம்மா ஒரு சூரியகாந்தி திருப்பி அனுப்புகிறார். ஆறு மாசமாக நடக்கிறது.

"மரியாதைக்குத்தான்" என்கிறார். முப்பது வருஷத்தில் எனக்கு இந்த மரியாதை எத்தனை தடவை வந்தது? கேட்டேன். சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.

மார்ச் 8, வெள்ளி

ஆள் கிடைத்துவிட்டது. அதுவும் எங்கள் தொழிற்சாலையிலேயே!

தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவரை எல்லாரும் கப்பல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு எட்டு வருஷம் ஒரு கப்பலின் சமையலறையில் இருந்தாராம். மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு புரியாத பாட்டு பாடுவார். நான் அதைப் பாட்டென்றே நினைத்ததில்லை, முனகல் என்று விட்டிருந்தேன். இன்று அதற்குள் "அமோர், அமோர்" என்று காதில் விழுந்தது. சம்பந்தியம்மா நெட்டையனைக் கொஞ்சுகிற வார்த்தை. கையிலிருந்த சட்டையோடு ஓடினேன்.

போர்ச்சுகீசுதான். சமையல்காரர்கள் பாடப் பாடக் கற்றுக்கொண்டதாம். சொல்லித் தர முடியுமா என்றேன். "தெரிஞ்சதெல்லாம் காதல் பாட்டுதான்க்கா, பரவால்லியா?" என்றார்.

எனக்கு வேண்டியது சண்டை. ஆனால் போகிற வண்டியில்தானே ஏற வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிஷம் வகுப்பு. சாப்பாட்டு டப்பாவை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பழைய அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொள்கிறேன்.

ஃபீக்கா — இரு, போகாதே. வோல்தா — திரும்பி வா. கொரசாவ் — இதயம். ஷோரா — அழுகிறது. (யார்? இதயம்தான். வேறு யாருக்கும் இந்தப் பாட்டுகளில் வேலை இல்லை.) முய்ந்தா — நிறைய. மி பெர்தோவா — என்னை மன்னித்துவிடு. சொசீன்யா — தன்னந்தனியாக.

கொசீன்யா என்றால் சமையலறையாம். அது பாட்டில் வராது, கப்பல் பழக்கத்தில் சொன்னார். சொசீன்யா, கொசீன்யா. தனிமைக்கும் சமையலறைக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

எந்தப் பாட்டை எடுத்தாலும் ஒருவன் கெஞ்சுகிறான். ஜன்னலுக்கு வெளியே நின்று கெஞ்சுகிறான், கடற்கரையில் கெஞ்சுகிறான், மழையில் கெஞ்சுகிறான். இவனுக்கெல்லாம் வேலைவெட்டி கிடையாதா? ஒரு பாட்டிலாவது அந்தப் பெண் "சரி, உள்ளே வந்து தொலை" என்று சொல்கிறாளா பார்த்தால் அதுவும் இல்லை.

மார்ச் 15, வெள்ளி

பட்டன் தைக்கிற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மேசையில் நின்று "அமோர்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேனாம். செக்கர் அக்காவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பேச்சு. ஆகட்டும். அவர்கள் தைத்த பட்டனை எல்லாம் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

இரண்டு வார்த்தை பிடித்தேன்! ஃபீலியா — மகள். மாய் — அம்மா. இரண்டையும் கப்பல்காரரிடம் தனியாகக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன், அவர் பாட்டுகளில் மகளும் இல்லை, அம்மாவும் இல்லை. சம்பந்தியம்மா "மாய்" என்றபோது என்னைத்தான் பார்த்தார்.

மகள் சொன்னது: "அங்க வெயிலான்னு கேக்குறாங்கம்மா."

வெயிலுக்கு எதற்கடி அம்மாவும் மகளும்? பொய். பச்சைப் பொய். என் முகத்துக்கு நேரே.

மார்ச் 19, செவ்வாய்

சண்டைக்கு ஒரு வார்த்தை கொடுங்கள் என்று கப்பல்காரரிடம் கண்டிப்பாகக் கேட்டுவிட்டேன். தலையைச் சொறிந்தார். "சண்டைப் பாட்டே இல்லக்கா. இருக்கறதெல்லாம் கெஞ்சுற பாட்டு." கடைசியில் ஒன்று தேடித் தந்தார், பிரிந்து போகிற பாட்டு. "வாய் எம்போரா, மெவ் அமோர்."

வாய் எம்போரா என்றால் போய்த் தொலை. வாய் என்றால் போ, வெய்ங் என்றால் வா. என்ன பாஷையோ.

ராகத்தோடு வந்தால்தான் எனக்கு நிற்கிறது. முழு வரியாகவே மனப்பாடம் செய்துவிட்டேன். இடைவேளை முடிந்து மணி அடித்தும் வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 24, ஞாயிறு

இன்று மகளின் முகம் வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. என்னடி என்றால் தூக்கமில்லை என்கிறாள்.

சம்பந்தியம்மா அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். இன்று சிரிக்கவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது. "எலா" என்று ஆரம்பித்தார். அப்புறம் என்னவோ. அப்புறம் தெளிவாக: "முய்ந்தா ஃபால்தா த மாய்."

மகள் சட்டென்று திரும்பி அவரிடம் எதையோ கடுகடுவென்று சொன்னாள். எனக்கு: "ஒண்ணுமில்லம்மா. சிக்னல் சரியில்ல, வைக்கிறேன்."

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. முய்ந்தா நிறைய, மாய் அம்மா. நடுவில் இருக்கிற ஃபால்தா என்ன?

மார்ச் 25, திங்கள்

கேட்டேன். கப்பல்காரர் மெஷினுக்கு அடியில் இருந்தார், கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"ஃபால்தான்னா என்ன?"

"குறைக்கா. ஸ்டோர்ல மாவு குறைஞ்சா, எண்ணெய் குறைஞ்சா நோட்டுல எழுதுவாங்க. ஃபால்தான்னு."

நிறைய குறை, அம்மாவுடையது.

அப்படியா சங்கதி. என்னை நேருக்கு நேர் பார்த்து, என் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு, உன்னிடம் குறை நிறைய இருக்கிறது என்கிறார். எனக்கு! குறை கண்டுபிடிப்பதே வேலையாக இருக்கிற எனக்கு! என் கையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒரு சுருள் எப்போதும் இருக்கும். நூல் விட்டிருந்தால் ஓர் அம்பு, எண்ணெய்க் கறை இருந்தால் ஓர் அம்பு. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை பார்க்கிறேன். என் மேல் அம்பு ஒட்ட இந்தம்மா யாரு? முடி வெட்டுறவங்களுக்கு என்ன தெரியும் என்னைப் பத்தி?

மகள் சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

என்ன சொல்லியிருப்பாள்? கல்யாணத்தன்று போனில் முகத்தைக் காட்டினாளே, அதையா? "எப்படிம்மா இருக்கேன்?" என்றாள். கவுனின் விளிம்புத் தையல் இடது பக்கம் இழுத்திருந்தது. "விளிம்பு இழுத்திருக்கு, யார் தைச்சா?" என்றேன். அதுதான் நான் முதலில் சொன்னது. அவள் முகம் எப்படிப் போனது என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

இழுத்திருந்தால் இழுத்திருக்கு என்று சொல்லக்கூடாதா? ஊரான் பெண்ணிடமா சொன்னேன்?

அவர் இதெல்லாம் கேட்டுவிட்டு "நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருப்ப" என்கிறார். சூரியகாந்திக்கு வக்காலத்து.

மார்ச் 31, ஞாயிறு

மானம் போச்சு.

சம்பந்தியம்மா திரையில் வந்ததும் நான் முந்திக்கொண்டேன். விரலை நீட்டி, என் குரலில் இருக்கிற மொத்தக் கோபத்தையும் சேர்த்துச் சொன்னேன்: "வாய் எம்போரா—"

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வரி நிற்கவில்லை. ராகம் இழுத்துக்கொண்டு போய் "மெவ் அமோர்" என்று முடித்துவிட்டது.

போய்த் தொலை, என் அன்பே.

சம்பந்தியம்மா ஒரு நிமிஷம் திகைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய. எனக்கு ஒரு முத்தம் வேறு பறக்கவிட்டார். நெட்டையன் எங்கிருந்தோ ஓடிவந்து அவனும் சிரிக்கிறான். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, உனக்கு யார் இதெல்லாம் சொல்லிக்குடுத்தா? எவ்வளவு புரியுது உனக்கு?" என்று கேட்டாள். பயந்த முகம்.

"புரிய வேண்டியது புரிஞ்சுது. அம்மா குறைதானே பேசிக்கிறீங்க? பேசுங்க" என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

போன் அடித்தது. எடுக்கவில்லை. அவர் பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பேசினார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மேனேஜரிடம் போய் ஜூன் விடுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "தேவைப்படவில்லை" என்று எழுதினேன்.

கப்பல்காரரிடமும் வகுப்பு போதும் என்று சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்றார். நல்ல மனுஷன்.

பேரனோ பேத்தியோ, போனிலேயே பார்த்துக்கொள்கிறேன். கல்யாணத்தைப் பார்த்த மாதிரி.

ஏப்ரல் 16, செவ்வாய்

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு இரண்டாவது லைனில் ஒரு மெஷின் நின்றுபோனது. கப்பல்காரர் வந்து படுத்துக்கொண்டு வழக்கம்போலப் பாட ஆரம்பித்தார். நான் கேட்காத ஒரு பாட்டு. ஜன்னல் திறந்திருக்கிறது என்று வந்தது, காப்பி ஆறிவிட்டது என்று வந்தது. அப்புறம், "சிந்து ஃபால்தா, சிந்து ஃபால்தா" என்று திரும்பத் திரும்ப.

எனக்குச் சுருக்கென்றது. குனிந்து அவர் காலிடம் கேட்டேன், "காதல் பாட்டுல எதுக்குக் குறை?"

மெஷினுக்கு அடியிலிருந்து தலை வெளியே வந்தது. "இது அந்தக் குறை இல்லக்கா. நீ இல்லாத குறை. சிந்துன்னா உணர்றேன். நீ இல்லாத குறை தெரியுது, நீ இல்லாம வெறிச்சுன்னு இருக்குன்னு பாடறான்."

"அன்னிக்கு மாவு குறையறதுன்னீங்க?"

"நீங்க ஒத்த வார்த்தையாக் கேட்டீங்க, நானும் ஒத்த வார்த்தையாச் சொன்னேன். பாட்டோட கேட்டிருந்தா பாட்டோட சொல்லியிருப்பேன்."

"எலா — என்னவோ — முய்ந்தா ஃபால்தா த மாய். இது என்ன?"

"எலா சேந்தி முய்ந்தா ஃபால்தா த மாய்." அவர் பாடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "அம்மா இல்லாத குறை அவளுக்கு ரொம்பத் தெரியுது. அம்மாவுக்கு ரொம்ப ஏங்கறா. யார்க்கா சொன்னது?"

மேசைக்கு வந்து நின்றேன். சட்டைகள் வந்துகொண்டே இருந்தன.

எத்தனை பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன், "எல்லாம் நல்லா நடந்துச்சு, நீ இல்லாத குறைதான்" என்று. இதே வார்த்தை. இருபத்திரண்டு வருஷத்தில் நல்ல சட்டையைக் குறை என்று தூக்கி எறிந்தது ஒரு தடவைகூடக் கிடையாது. என் பெண் விஷயத்தில் எறிந்துவிட்டேனே. பாவி.

ஏப்ரல் 17, புதன்

வேலை முடிந்து வந்ததும் அவர் போனை வாங்கி நானே சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார வந்தார், வேண்டாம் என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சம்பந்தியம்மா கடையில் இருந்தார். ஒரு ஆளின் தலையில் பாதி வெட்டியும் வெட்டாமலும் இருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தரியை வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்தது கெஞ்சுகிற வார்த்தைகள்தான். அதை வைத்துத்தானே இப்போது பேச முடியும். "மி பெர்தோவா" என்றேன். "ஃபீலியா" என்றேன். "ஃபால்தா" என்று சொல்லி நெஞ்சைத் தொட்டேன். அந்தம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பேச ஆரம்பித்தார். குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக. முழுதும் எனக்குப் புரியவில்லை, ஆனால் ஒரு வாக்கியம் முழுசாகப் புரிந்தது. "எலா ஷோரா சொசீன்யா நா கொசீன்யா."

அவள் சமையலறையில் தன்னந்தனியாக அழுகிறாள்.

அட்டையில் எழுதிச் சிரித்தேனே, ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று.

அப்புறம் "வெய்ங்" என்றார். வா. கையால் தன் பக்கம் இழுத்து இழுத்து, "வெய்ங், வெய்ங்." இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் இந்தம்மா என்னை வா வா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வேண்டாம் என்றது என் மகள்.

தலை பாதி வெட்டின ஆள் பின்னாலிருந்து எனக்குக் கையாட்டினான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மகளிடம் கேட்டுவிட்டேன். நேராகவே. அத்தை வரச்சொல்கிறார், நீ ஏன் வேண்டாம் என்கிறாய்? சமையலறையில் உட்கார்ந்து அழுகிறாய், என்னிடம் வெயில் என்கிறாய்?

அவள் சொன்னாள். அப்படியே எழுதிவைக்கிறேன்.

"ஆமா, உன்னை நினைச்சு அழறேன். அதுக்காக நீ வந்து என் வீட்டுல நிக்கணும்னு அர்த்தமில்லம்மா. நான் ஒரு டம்ளர் கழுவினாக்கூட நீ வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்ப. குழந்தையையும் அப்படித்தான் பார்ப்ப. நான் பிடிக்கிறது சரியில்ல, நான் பால் குடுக்கிறது சரியில்ல. எனக்கு அம்மா வேணும். செக்கர் வேண்டாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாருக்காகடி அந்த மேசையில் நின்றேன்? உன் படிப்புக்குத்தானே, உன்னை அங்கே அனுப்பத்தானே? எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. அதையெல்லாம் தள்ளிவிட்டு, நீ இல்லாம எனக்கும் வீடு வெறிச்சுன்னு இருக்குடின்னு சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தேன். வந்தது: "முகம் வீங்கியிருக்கு. உப்பைக் குறை."

"பாத்தியா" என்றாள். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 22, திங்கள்

டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேனா என்று அவரிடம் கேட்டேன். "முப்பது வருஷமா" என்றார்.

ஏப்ரல் 24, புதன்

பைத்தியக்காரத்தனம் ஒன்று செய்திருக்கிறேன்.

தமிழில் சொல்ல வரவில்லை. வந்ததே இல்லை. என் அம்மாவும் என்னிடம் சொன்னதில்லை, நானும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பாஷையில் கூச்சமே இல்லை, எல்லாம் வெறும் பாட்டுதானே. கப்பல்காரரிடம் அந்த ஜன்னல் பாட்டை இரண்டு நாள் உட்கார்ந்து கற்றேன். "சிந்து ஃபால்தா மறந்தா, பால் சிந்துனதை நினைச்சுக்குங்கக்கா" என்றார். காதலி வருகிற இடத்தில் மகள் என்று மாற்றித் தரச்சொன்னேன். மாற்றிக் கொடுத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரைத் தேடினார்.

இடைவேளையில் இஸ்திரி அறைக்குப் பக்கத்தில், நூல்கண்டு வைக்கிற ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திப் பாடிப் பதிவுசெய்தேன். நாலு வரி. ஜன்னல் திறந்திருக்கிறது. காப்பி ஆறிவிட்டது. மகளே, நீ இல்லாத குறை தெரிகிறது. திரும்பி வா என்று சொல்லமாட்டேன், கூப்பிட்டால் நான் வருகிறேன்.

நடுவில் நீராவி இஸ்திரி "உஸ்" என்று சத்தம் போட்டது. இரண்டாம் தடவை பாடத் தைரியமில்லை. அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 25, வியாழன்

கேட்டுவிட்டாள் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை. எதற்கு அனுப்பினேன்? என் குரல் எனக்கே சகிக்காது.

ஏப்ரல் 26, வெள்ளி

மூன்று செய்தி வந்தது. ஒவ்வொன்றாக.

"மூணாவது வரியில ராகம் தப்பு."

"நாலாவது வரியில உச்சரிப்பும் தப்பும்மா."

பத்து நிமிஷம் கழித்து: "டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும்?"

பாட்டில் குறை கண்டுபிடித்திருக்கிறாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை. ஸ்டோருக்குள் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 29, திங்கள்

விடுப்பைத் திரும்பக் கேட்டதற்கு மேனேஜர் முறைத்தார். தேவையில்லை என்று எழுதினது நீங்கள்தானே என்றார். "குறைன்னு போட்டது நான்தான், இப்ப நானே பாஸ் பண்றேன்" என்றேன். சிரித்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் கேட்டேன், ஆறு வாரம்தான். எரிச்சலாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் போகட்டும்.

ஜூன் 2, ஞாயிறு

நாளை விமானம். மகள் ஒரு நிபந்தனை அனுப்பியிருக்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு குறைதான் சொல்லலாமாம். சொல்லாமல் விட்டதை மறுநாளுக்குச் சேர்த்துவைக்கக் கூடாதாம். எனக்கே ரேஷன்!

கைப்பையைக் காலி செய்யும்போது சிவப்பு அம்புச் சுருள் கிடைத்தது. பீரோவில் பாஸ்போர்ட் இருந்த இடத்தில் அதை வைத்துவிட்டேன். அவரைக் கூட்டிப்போக முடியவில்லை. "தினம் பூ அனுப்பறேன், உனக்கும்" என்கிறார். பார்ப்போம்.

ஜூன் 20, வியாழன்

பேத்திக்கு இன்று ஒன்பதாம் நாள். மகளும் குழந்தையும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார்கள். இன்றைய ஒரு குறையைக் காலையிலேயே செலவழித்துவிட்டேன், நெட்டையன் துண்டை மடிக்கிற லட்சணத்துக்கு.

சம்பந்தியம்மாவுக்கு ரேஷன் கிடையாது. சமையலறையில் நான் பாத்திரம் கழுவ, அவர் துடைத்துக்கொண்டே, கையால் நடித்துக் காட்டியபடி ஆரம்பித்தார். பால் புட்டியை உன் மகள் ஒழுங்காக அலசுவதில்லை. போர்வையை இறுக்கிச் சுற்றுகிறாள். சொன்னால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறாள். ஜன்னலைத் திறக்கவே விடுவதில்லை. பிடிவாதம். எங்கிருந்துதான் வந்ததோ. இப்படி ஒன்பது. நானும் விடவில்லை. "முய்ந்தா, முய்ந்தா" என்று தலையாட்டி, என் பங்குக்குப் பாட்டு வார்த்தைகளை வைத்தே மூன்று சேர்த்தேன். அவருக்கு எல்லாம் புரிந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இந்த மாதிரி மனம்விட்டுப் பேசி எனக்கு எத்தனை வருஷமாயிற்று!

பத்தாவதுக்கு அவர் துணியைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எலா நாவ் ஷோரா மாய்ஸ்."

இப்போதெல்லாம் அவள் அழுவதில்லை.

நான் கழுவின டம்ளரை வாங்கி அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கவிழ்த்து வைத்தார்.

உள்ளேயிருந்து மகளின் தூக்கக் குரல். "அம்மா, இவ்வளவு நேரமா ரெண்டு பேரும் என்ன பேச்சு? அத்தை என்ன சொல்றாங்க?"

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றேன். "நல்லாத் தூங்கினியான்னு கேக்குறாங்க."